அம்மாவின் கடிதத்தில் இறந்துபோன வின்னி கின்டி

"அவளை எங்க புதைச்சீங்க?"

கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக எங்கள் கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர் இப்படிக் கேட்டபோது நான் முதலில் தயங்கினேன். நாங்கள் அவளைப் புதைக்கவே இல்லை, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். அதை ஒரு அரசாங்க அதிகாரியிடம் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரை அரசாங்க அதிகாரி என்று நான் நினைத்துக்கொண்டதுதான் முதல் தப்பு. இல்லை, அதுவும் முதல் தப்பு இல்லை. அதற்கு முன்பே அம்மா ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் அம்மாவின் பெயர் சபைனா கேஃபர்கி. டப்ளினுக்கு வெகுதூரம் மேற்கே, மேயோவில் கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே எங்களுக்கு இருபத்திரண்டு ஏக்கர் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நடந்தால் பூட்ஸ் உங்களுக்குச் சொந்தமில்லை, சேறு வாங்கிக்கொள்ளும். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவருடைய கோட்டைத்தான் அம்மா இன்னும் போட்டுக்கொண்டு, இடுப்பில் வைக்கோல் கட்டும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறாள். மாடுகள் ஐந்து. பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் ஆஸ்டின் பத்து வருடமாகப் பாஸ்டனில் இருக்கிறான். இளையவள் நான், டிம்ப்னா. போன ஜூனில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, டப்ளினில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரர் சைக்கிள் மேடு ஏறி வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, தட்டுகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அம்மா ஆஸ்டினுக்குக் கடிதம் எழுதுவாள். நீல நிற விமானத் தபால் தாள், ஒரே தாள்தான். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் அம்மா சொற்களை வெட்டுவாள். முற்றுப்புள்ளி வைக்க மாட்டாள், அது இடத்தைப் பிடிக்கும் என்பாள். முதலில் மழை, பிறகு மாடுகள், பிறகு யார் யார் செத்தார்கள், கடைசியில் இடம் மிஞ்சினால் மறுபடி மழை. நீ எப்போது வருவாய் என்று மட்டும் ஒருமுறைகூட எழுதியதில்லை. ஏன் கேட்பதில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அவன் வர்றது வெயில் மாதிரி. கேட்டா வராது," என்றாள்.

எங்கள் பக்கத்து மாட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மாட்டை யாரிடமிருந்து வாங்கினோமோ அவருடைய பெயரைத்தான் அதற்கு வைப்போம். பீட்டர் மங்கனிடம் வாங்கிய பசுவின் பெயர் பீட்டர் மங்கன். பழைய பங்குச் சாமியாரின் தோட்டத்தில் வளர்ந்து எங்களிடம் வந்தவளின் பெயர் சாமியார். இதில் சிரிக்க எங்களுக்கு ஒன்றும் தோன்றாது. 'பீட்டர் மங்கன் இரட்டைப் பிள்ளை பெற்றாள், இரண்டும் சுகம்' என்று அம்மா எழுதுவாள். 'சாமியாருக்கு இது நாலாவது மாதம்' என்று எழுதுவாள். மாடு என்ற சொல்லை எழுத மாட்டாள். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதி இடத்தை வீணாக்குவானேன் என்பது அவள் கட்சி. இன்னொன்று, எங்கள் ஊரில் பசுவை யாரும் 'அது' என்று சொல்வதில்லை. 'அவள்' தான். 'அது' என்றால் பாலை மேலே இழுத்துக்கொள்வாள் என்று ஒரு நம்பிக்கை.

அடுத்த வீட்டில் இருப்பவர் வின்னி கின்டி. நான் அவரைக் கின்டியம்மா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற அகலம். அவருடைய ஒரே மகன் மாலக்கியும் ஆஸ்டின் போன அதே வாரத்தில்தான் பாஸ்டனுக்குப் போனான். ஆனால் ஆஸ்டின் போனபோது ஊரே வந்து வழியனுப்பியது. மாலக்கி விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் போனான். கின்டியம்மா செல்லமாக வளர்த்த குதிரைக்குட்டியைச் சந்தையில் விற்று அந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கியிருந்தான். விஷயம் தெரிந்ததும் கின்டியம்மா, குட்டியோடு வந்தால் வரட்டும், வெறுங்கையோடு இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதை யாரோ பாஸ்டன்வரை கொண்டு போய்ச் சேர்த்தும்விட்டார்கள். அவன் எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. பத்து வருடம்.

ஆனால் ஆஸ்டினிடமிருந்து கடிதம் வந்தது என்று தெரிந்தால் போதும், கின்டியம்மா பின்னல் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா சத்தமாகப் படிப்பாள். கின்டியம்மா பாஸ்டனில் பனி எப்படி என்று விசாரிப்பார். ரொட்டி என்ன விலை என்று விசாரிப்பார். மாலக்கி என்ற பெயரை மட்டும் வாயில் எடுக்க மாட்டார். 'மாலக்கி நலம், கூரை போடும் வேலைக்குப் போகிறான்' என்று ஒரு வரி வந்தால் அம்மா அதைக் கண் சரியாகத் தெரியாதவள் மாதிரி இரண்டு தடவை படிப்பாள். கின்டியம்மாவின் ஊசி நின்று போகும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் வருகிறார் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எங்கள் நாய்க்கும் தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு பெண்களும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. ஆஸ்டின் ஊரில் இருந்த காலத்தில் வேலிச்சுவரில் ஒரு இடைவெளிக்காக இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கின்டியம்மாவிடம் அப்போது ஆடுகள் மட்டும்தான் இருந்தன. அந்த ஆடுகள் எந்த இடைவெளி வழியாக வந்தன என்பதுதான் வழக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு கின்டியம்மா மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது அம்மா போய் அவருடைய உருளைக்கிழங்கைத் தோண்டிக் கொடுத்தாள். அதோடு வழக்கு முடிந்தது. அதன் பிறகு கின்டியம்மா ஆசைப்பட்டு ஒரு பசுவை வாங்கினார், சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். அவள் முதல் வாரத்திலேயே வாளியை உதைத்து, இரண்டாவது வாரத்தில் கின்டியம்மாவையே உதைத்தாள். போதும் என்று எங்களுக்கே விற்றுவிட்டார். வழக்கப்படி அவளுக்குப் பெயர் வின்னி கின்டி.

அம்மா இதை ஆஸ்டினுக்கு எழுதினாள். எழுதினாள் என்பதற்கு நான் சாட்சி, தாளை ஒட்டியவள் நான்தான். 'மே மாதத்திலிருந்து வின்னி கின்டி நம்மோடுதான் இருக்கிறாள் நன்றாகச் சாப்பிடுகிறாள் உதைக்கிற குணம் மட்டும் போகவில்லை மழை விடவே இல்லை.' ஆஸ்டின் இதை எப்படிப் படித்திருப்பான் என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை. அவன் அறிந்த வின்னி கின்டியிடம் மாடே கிடையாது. அவன் அறிந்த அம்மா அவரிடம் ஒரு முட்டைகூட வாங்க மாட்டாள். ஆகவே, தனியாகக் கிடந்த அண்டை வீட்டுக்காரியைப் பழைய சண்டையை மறந்து அம்மா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று அவன் நினைத்தான். மாலக்கியிடமும் அப்படியே சொன்னான்.

போன அக்டோபரில், நாலாவது வாரம், வின்னி கிணற்றுக்குக் கீழே இருக்கும் வாய்க்காலில் வழுக்கி விழுந்தாள். இப்போது நான் பசுவைச் சொல்கிறேன். ஞாயிறு விழுந்தவள் செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள். அம்மாவுக்கு வருத்தம்தான். உதைத்தாலும் அவளைப்போல் பால் கொடுத்தவர்கள் இல்லை. அடுத்த ஞாயிறு எழுதிய கடிதத்தில் மழைக்கு முன்னாலேயே அவளுக்கு இடம் கொடுத்தாள். கடிதம் இப்போது எங்களிடமே திரும்பி வந்திருப்பதால் ஒரு சொல் மாறாமல் தருகிறேன்:

'ஆஸ்டினுக்கு, வருத்தமான செய்தி வின்னி கின்டி செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது நாலு ஆம்பளைகள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை எடை அப்படி இரண்டு நாள் ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை கடைசி வரைக்கும் தன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் பொல்லாத குணம்தான் ஆனாலும் இனி அவளைப்போல் ஒருத்தி நமக்குக் கிடைக்க மாட்டாள் புதன்கிழமை வண்டி வந்து எடுத்துப்போனது டிம்ப்னா அழுதாள் நான் அழவில்லை மழை.'

நான் அழவில்லை. டிம்ப்னா அழுதாள் என்பது மட்டும் பொய்.

நவம்பர் ஒன்பதாம் தேதி ஆஸ்டினின் பதில் வந்தது. கின்டியம்மா பின்னலோடு உட்கார்ந்திருந்தார். அம்மா படிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் நின்றாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மை பரவிவிட்டது, இங்கே எழுத்து புரியவில்லை என்று சொல்லி, தாளின் கடைசிப் பகுதிக்குத் தாவி, அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாலக்கியைப் பற்றி ஒன்றுமில்லை. கின்டியம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து போனார். நான் அப்போது டப்ளினிலிருந்து எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்ற யோசனையில் இருந்தேன்.

மறுநாள் அம்மா செய்த காரியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கின்டியம்மாவிடம் போய், வீட்டு முன்சுவர் பார்க்கச் சகிக்கவில்லை, சுண்ணாம்பு அடித்தால் என்ன என்றாள். நவம்பரில் எங்கள் பக்கத்தில் யாரும் சுண்ணாம்பு அடிக்க மாட்டார்கள். காலையில் அடித்தால் மத்தியானம் மழை கழுவி வாசலில் ஊற்றும். கின்டியம்மா அதையேதான் சொன்னார். அம்மா, சில பேர் வீடு குகை மாதிரி இருப்பதைத்தான் விரும்புவார்கள் போலிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று மாலையே கின்டியம்மா சுண்ணாம்பு கரைத்தார். ஏணியைப் பிடிக்க என்னை அனுப்பினாள் அம்மா. அடிப்பதும் மழை கழுவுவதும் திரும்ப அடிப்பதுமாகப் பத்து நாள் போயிற்று.

இருபத்தோராம் தேதி காலையில்தான் அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர் வந்து நின்றார். கையில் சிறிய பெட்டி. முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. மாட்டுக் கணக்கு எடுக்கும் அதிகாரிகள் வருவது எங்களுக்குப் பழக்கம். எந்த மாடு செத்தாலும் காதில் இருக்கும் அடையாளத் தகட்டை அவர்களிடம் காட்ட வேண்டும். அம்மா தொழுவத்தில் இருந்தாள். அதிகாரிகளிடம் எதையும் மறைக்காமல் விவரமாகச் சொன்னால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பது நான் கற்றது.

"யாரை சார், வின்னியையா?" என்று கேட்டேன்.

"வின்னி கின்டியை."

"புதைக்கலை சார். லாரி வந்து எடுத்துட்டுப் போச்சு."

"லாரியா?"

"அவ எடைக்கு வேற எதுல ஏத்துறது? கால்ல கயிறு கட்டி இழுத்துத்தான் பலகை மேல ஏத்தினோம்."

அவர் எங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டார். குரல் சரியாக வரவில்லை, ஜலதோஷம் என்று நினைத்தேன்.

"வேட்டை நாய் வளர்க்கிறாங்களே, அந்த எடத்துக்கு. தோலைத் தனியா வித்துக்குவாங்க. காதுல இருந்ததை மட்டும் அம்மா வெட்டி எடுத்து வெச்சிருக்காங்க. வேணும்னா கொண்டாரேன்."

அவர் ஈரச் சுவரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நல்ல கோட்டு நனைகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. பிறகு, சாமியாராவது வந்தாரா என்று கேட்டார்.

அரசாங்கம் சாமியாரைப் பற்றியும் கணக்கு வைத்திருக்கிறதே என்று நான் வியந்தேன். "வந்தா சார். கிட்ட வந்து மோந்து பார்த்துட்டு மேயப் போயிட்டா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இந்த வீட்டில் பைத்தியம் யார், எல்லாருமா இல்லை இந்தப் பெண் மட்டுமா என்று கணக்குப் போடும் பார்வை.

அந்த நேரத்தில்தான் வேலிச்சுவரின் பழைய இடைவெளி வழியாகக் கின்டியம்மா வந்தார். அன்றைக்கும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர். தலைமுடி, புருவம், கன்னம், கை எல்லாம் வெள்ளை. உங்கள் சாமியார் மறுபடியும் என் கோஸ் பாத்தியில் நிற்கிறாள், வந்து ஓட்டிக்கொண்டு போ என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். கறுப்புக் கோட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

கின்டியம்மா நின்றுவிட்டார். பத்து வருடம் ஆனாலும் அவருக்கு ஒரு நொடி போதும். அவர் ஓடி வரவில்லை, அழவும் இல்லை. கறுப்பு டையைப் பார்த்தார், கறுப்புக் கோட்டைப் பார்த்தார்.

"யாரு செத்துட்டா?" என்றார்.

"நீங்கதாம்மா," என்றான் மாலக்கி.

கின்டியம்மா தன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு யாரும் சொல்லலியே," என்றார்.

அவர்தான் போய் அவன் கோட்டு மேல் கை வைத்தார். அந்தக் கோட்டில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது, இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை என்று அவன் பாஸ்டனிலிருந்து எழுதியிருக்கிறான்.

தொழுவத்திலிருந்து அம்மா பால் வாளியோடு வந்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போடும் என்று எதிர்பார்த்தேன். "வந்துட்டியா மாலக்கி, டீ போடறேன்," என்றாள், அவன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவன் மாதிரி. அதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுப்படியில் உட்கார்ந்து விஷயத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆஸ்டின், அம்மாவின் கடிதத்தையே மாலக்கியிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். தாய் செத்த செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டிருக்கும் என்பதால், முப்பதாம் நாள் பூசைக்காவது போய் நிற்க வேண்டும் என்று அவன் புறப்பட்டிருந்தான். தன் தாய் கடைசிக் காலத்தில் அண்டை வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடந்தாள் என்று வெட்கப்பட்டுத்தான் முதலில் எங்கள் கேட்டுக்கு வந்தான். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே என்றேன். போன் இரண்டு மைல் தள்ளித் தபால் நிலையத்தில் இருக்கிறது. பத்து வருடம் எழுதாத மகன் தபால் நிலையத்தைக் கூப்பிட்டு என் அம்மா செத்தது உண்மையா என்று கேட்க முடியுமா என்று அவன் கேட்டான். அதுவும் நியாயம்தான்.

கின்டியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் மரணச் செய்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"ஏண்டி சபைனா, நாலு ஆம்பளைங்க சேர்ந்தும் தூக்க முடியலையா என்னை?"

"உன்னை இல்ல. மாட்டை."

"மாடுன்னு ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு?"

"இடம் இல்ல."

"ரெண்டு தடவை மழைன்னு எழுத மட்டும் இடம் இருக்கும்."

"இதுல ஒரு தடவைதான் எழுதியிருக்கேன். எண்ணிப் பாரு."

கின்டியம்மா எண்ணிப் பார்த்தார். உண்மைதான். பிறகு பொல்லாத குணம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார். இதைப் படித்ததும் இது நான் இல்லை என்று உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார். அந்த இடத்தைப் படித்த பிறகுதான் சந்தேகமே தீர்ந்தது என்றான் மாலக்கி. அவர் பாத்திரம் துடைக்கும் துணியால் அவனை ஒரு அடி அடித்தார். பத்து வருடத்துக்குப் பிறகு விழுந்த முதல் அடி. அவன் அதை வாங்கிக்கொண்டு சிரித்தான். சிரித்தவன் நிறுத்த முடியாமல் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தான், முகமெல்லாம் சுண்ணாம்பு.

டீ ஆறிய பிறகு கின்டியம்மா, யாரையும் பார்க்காமல், அடுப்பில் எரிந்த, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"குட்டி எங்க?"

அந்தக் கேள்விதான் பத்து வருடமாகக் கடலுக்கு நடுவே நின்றது.

"அதுக்கு இப்ப பதிமூணு வயசு இருக்கும்மா," என்றான் மாலக்கி. "ஏரோப்பிளேன்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க."

கின்டியம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, சரி, வா வீட்டுக்கு, மழைக்கு முன்னால் மேல் பக்கம் ஒரு கை அடித்துவிட வேண்டும், ஏணியில் ஏற எனக்கு இடுப்பு இல்லை, இடுப்பு உடைந்து செத்தவள் நான் என்றார். இருவரும் அந்த இடைவெளி வழியாகவே போனார்கள். எந்த இடைவெளியால் சண்டை வந்ததோ அதே இடைவெளி. அதில் இப்போது யாருக்கும் வழக்கு இல்லை.

ஒன்றை மறந்துவிட்டோம். மாலக்கி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் பங்குச் சாமியார் வீட்டில் இறங்கி, தன் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்திருந்தான். வாங்கி எழுதிக்கொண்டவர் ஊருக்கு வந்து இரண்டு வாரமே ஆன உதவிச் சாமியார். அவருக்கு இன்னும் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து அவர் கணீரென்று, சென்ற மாதம் மரித்த வினிஃப்ரட் கின்டியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம் என்றார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த வினிஃப்ரட் கின்டி எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

பூசை முடிந்ததும் ஊரார் வாசலில் வரிசையாக நின்றார்கள். இப்படி ஒரு வாய்ப்பை எங்கள் ஊரார் விடுவார்களா? ஒவ்வொருவராக வந்து தொப்பியைக் கழற்றி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறோம் என்று மாலக்கியின் கையைக் குலுக்கினார்கள். பிறகு பக்கத்தில் நின்ற கின்டியம்மாவின் கையையும் குலுக்கி அதையே சொன்னார்கள். பீட்டர் மங்கன், அவர் மனுஷன், எங்கள் பசு இல்லை, அவர் கின்டியம்மாவிடம், நல்ல மனுஷி, ஆனால் தூக்குவதுதான் கஷ்டமாக இருந்ததாம் என்றார். கின்டியம்மா அவரிடம், உனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததற்கு நான் இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லையே என்றார். ஊர் சிரிப்பதற்கு அது போதும், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

மாலக்கி பன்னிரண்டு நாள் இருந்தான். சுவர் காயும்வரை சுண்ணாம்பு அடித்தான், கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தான். அடுத்த ஜூனில் கரிமண் வெட்ட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கின்டியம்மா அவனிடம், வரும்போது கறுப்பு டை வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இப்போது ஞாயிறுதோறும் அவரும் எங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்து பாஸ்டனுக்குக் கடிதம் எழுதுகிறார். முற்றுப்புள்ளி வைக்கிறார். மாடு என்றும் எழுதுகிறார், அடியில் கோடு போட்டு.

கிறிஸ்துமஸுக்கு வீட்டைத் துடைக்கும்போது கடிகாரத்துக்குப் பின்னால் ஆஸ்டினின் அந்தக் கடிதம் கிடைத்தது. மை பரவியிருக்கவில்லை. நாலாவது வரி பளிச்சென்று இருந்தது: 'வின்னியின் மரணத்துக்கு மிகவும் வருந்துகிறேன். மாலக்கியிடம் சொன்னேன். உட்கார்ந்து அழுதான். முப்பதாம் நாளுக்கு ஊருக்கு வருகிறான்.'

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவள் சாமியாருக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தும் ஏன் ஒரு தந்தி அடிக்கவில்லை, அந்த மனுஷன் அதன் பிறகும் பன்னிரண்டு நாள் தன் தாய் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தானே என்று கேட்டேன். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. அந்தக் கேட்டில் நின்று தோலையும் காதையும் பற்றிச் சொன்னவள் நான் அல்லவா?

அம்மா முதலில், எழுத்து புரியவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே என்றாள். நான் நகரவில்லை. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"செத்தது மாடுதான், உங்கம்மா நல்லா இருக்கான்னு எழுதியிருந்தா அவன் வந்திருப்பானா, டிம்ப்னா?"

வந்திருக்க மாட்டான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்தப் பன்னிரண்டு நாளை நினைத்தால் எழுதியிருக்க வேண்டும் என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. அம்மா சொன்ன தொனியில் அவள் மாலக்கியை மட்டும் நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆஸ்டினும் போய் இந்த மார்ச்சோடு பத்து வருடம் முடிகிறது. அவன் யாருடைய குட்டியையும் விற்கவில்லை. வராமலிருக்க அவனுக்கு ஒரு காரணம்கூட இல்லை, அதனால்தான் அதைச் சரிசெய்ய யாருக்கும் வழி தெரியவில்லை.

கின்டியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. போன மாதம் அவர் எங்களிடமிருந்து ஒரு இளம் பசுவை விலைக்குக் கேட்டார். உதைக்காததாகப் பார்த்துக் கொடு என்றார். அம்மா கொடுத்தாள். கறுப்பு உடம்பு, நெற்றியில் சின்ன வெள்ளை. வழக்கம் வழக்கம்தானே என்று கின்டியம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அவளுக்குச் சபைனா கேஃபர்கி என்று பெயர் வைத்தார். அம்மா அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடைவெளி வழியாக மூன்று தடவை போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

எனக்கு டப்ளினிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏப்ரலில் போகிறேன். போவதற்கு முன் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாருக்கும் புரியும்படி, மாடு என்று வர வேண்டிய இடத்தில் மாடு என்றே எழுதியிருக்கிறேன்.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்டன் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். எங்கேயாவது சுற்றி ஆஸ்டின் கேஃபர்கியின் காதுக்குப் போகட்டும். முழுக் கதையும் சொல்ல நேரமில்லையென்றால் பரவாயில்லை, கடைசிச் செய்தி மட்டும் போதும்: சபைனா கேஃபர்கி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எத்தனை கால் என்று அவனாகக் கேட்காதவரை, நீங்களாகச் சொல்ல வேண்டாம்.